தெருப் பக்கத்துப் பாதிக் கிணறு

சித்தூர்
20-10-1960

அன்புள்ள மகன் நேசகுமாருக்கும், மருமகள் சுகந்திக்கும், தொட்டிலில் கிடக்கும் சின்ன ஆர்தருக்கும் அம்மா கிருபாபாய் எழுதிக்கொள்வது. இங்கே மழை ஒன்றுதான் குறை, மற்றபடி ஆண்டவர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முழங்கால் வலி இருக்கிறது, அது இனிமேல் என்னை விட்டுப் போகப் போவதில்லை, அதை விடு. ஈப்போவில் நீங்கள் மூன்று பேரும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டு ஸ்தோத்திரம் சொன்னேன். திருப்பதியில் உன் அக்கா மேரியும் மாப்பிள்ளையும் சௌக்கியம், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இப்போது பெரிய வகுப்பு கொடுத்திருக்கிறார்களாம், அதனால் என்னையும் பிள்ளைகளை மிரட்டுகிற மாதிரியே மிரட்டுகிறாள். நைனாவின் நினைவுக்கென்று நீ மெட்ராஸில் சொல்லி அனுப்பிய சலவைக்கல் சேதமில்லாமல் ரயிலில் வந்து சேர்ந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கல் சபையின் சுவரில் ஏறவில்லை, ஏறப்போவதும் இல்லை. கோபம் உனக்கு என் பக்கத்திலிருந்து வந்தது, அது எந்த வேகத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தை முழுதும் வாசி, அதற்குப் பிறகும் கோபம் இருந்தால் தாராளமாகப் படு.

நைனாவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, அடக்கத்துக்குக்கூட வரவில்லை, இந்தக் கல்லாவது அவர் பெயரைச் சொல்லட்டும் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் என்ன நம் தெருமுனையில் நிற்கிற ஜட்காவா, கைதட்டினால் வந்து நிற்பதற்கு. உனக்குத் தந்தி கிடைத்தபோது இங்கே மண் போட்டாகிவிட்டது, அந்த வெயிலில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. அவருடைய கடைசி நாளில் நீ இல்லை என்று நினைக்காதே. அன்று காலையில் உன் கடிதம் வந்தது, குழந்தைக்குத் தாத்தா பெயரை வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பாவம் அந்தப் புள்ள, இந்தப் பேர வெச்சிக்கினு அந்த ஊர்ல இன்னா பண்ணும் என்று சிரித்தார். கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். சாயங்காலம் படுத்தபடியே குடும்ப ஜெபம் பண்ணினார், உன் பெயரையும் சுகந்தி பெயரையும் குழந்தை பெயரையும் சொல்லி ஆசீர்வாதம் கேட்டார், அத்தோடு சத்தம் நின்றுபோயிற்று. ஆமென் நான்தான் சொன்னேன். ஆக அவர் வாயில் கடைசியாக இருந்தது உங்கள் பெயர்தான், இதற்குமேல் ஒரு மகன் தகப்பனுக்கு என்ன செய்துவிட முடியும். நான் இதை நினைத்து அழுகிற நாளும் உண்டு, நன்றி சொல்லுகிற நாள் அதைவிட அதிகம்.

நீ பிறப்பதற்கு முந்தின காலத்தையும் கொஞ்சம் எழுதுகிறேன், உன் மகனுக்குச் சொல்ல வேண்டுமே. நைனா மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆபீஸில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு, பிறகு ஆர்க்கிடெக்ட் பரீட்சையும் தேறி சித்தூருக்கு வந்தார். அந்த வார்த்தை இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, இஞ்சினீரய்யா என்றே கூப்பிட்டார்கள், அவரும் திருத்தித் திருத்திப் பார்த்து அலுத்துவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை, எங்கள் வீட்டுக் கூடத்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதாவது கோளாறோ என்று என் அப்பாவுக்குச் சந்தேகம். கடைசியில் எழுந்து போகும்போது, அந்த உத்தரத்தில் கரையான் இருக்குது, மழைக்கு முன்னாடி மாத்திடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் தூள். உயிரைக் காப்பாற்றினவருக்குப் பெண்ணைக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று அப்பா கேட்டார், அப்படித்தான் எனக்குக் கலியாணம் ஆயிற்று.

அவர் வேலை செய்கிற விதம் உனக்கு நினைவிருக்கும். காகிதத்தில் வரைந்ததை அவர் நம்பமாட்டார். மனையில் சுண்ணாம்புத்தூளால் வீட்டை முழு அளவில் கோடு போட்டு, முதலில் அந்தக் கோட்டுக்குள் முழங்கால்போட்டு ஜெபம் பண்ணுவார், வீட்டுக்காரர் யாராயிருந்தாலும் சரி. பிறகு அங்கே வாழப்போகிறவர்களைக் கூப்பிட்டு உள்ளே நிற்கச் சொல்வார், அடுப்பு இருக்கும் இடத்தில் குந்தச் சொல்வார், தண்ணீர் எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்வார். வெட்கப்படுகிற பெண்களுக்கு வழிகாட்ட நான் போய் முதலில் குந்த வேண்டும். கோட்டுக்குள்ள எடம் இல்லாதவங்களுக்கு செவுத்துக்குள்ள எடம் வராது என்பார். கார்வேட்டிநகரத்தில் அம்சவேணி அம்மாள் வீட்டுக்கு இப்படித்தான் கோடு போட்டு, அவர்களைப் பூஜை அறையில் உட்காரச் சொன்னார், காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது, ஜன்னலை நகர்த்திவிட்டார். நம் சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவங்க சாமிய அவங்க கும்புட்டுக்கட்டும், கண்ணு கூசாம கும்புடட்டுமே என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திருப்பதிப் பிரசவ வார்டுக்குக் கோடு போட்டபோது நிறைமாதத்தில் இருந்த என்னைத் தரையில் பாயில் படுக்க வைத்து, மலை தெரியுதா, மலை தெரியுதா என்று கேட்டுக் கேட்டு ஜன்னலின் உயரத்தைக் குறித்தார். அப்போது வயிற்றில் இருந்தது நீதான். ஊருக்கெல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டினவர் நம் வீட்டுச் சமையலறை ஒழுகுவதை மட்டும் பார்க்கவே இல்லை, இரண்டு மழைக்காலம் நான் தலையில் முறம் கவிழ்த்துக்கொண்டு சமைத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது கிணற்றுக் கதைக்கு வருகிறேன். ஆந்திர ராஜ்யம் பிரிந்த வருஷம், நீ வேலூரில் காலேஜில் இருந்தாய், அதனால் பாதிதான் உனக்குத் தெரியும். அதற்கு முன்னாலிருந்தே மழை பொய்த்து ஊரே காய்ந்து கிடந்தது, நம் சபைக் காம்பவுண்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. காம்பவுண்டுக்குச் சுவர் எடுக்க வேண்டும் என்று கமிட்டி நைனாவிடம் சொன்னது. அவர் காலையும் மாலையும் கேட்டருகே போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர்ப்புறம் செருப்புத் தைக்கிறவர்கள் தெருவிலிருந்து வருகிற பெண்கள் கேட்டுக்கு வெளியே குடத்தை வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது மொண்டு ஊற்றுவார்களா என்று நிற்பார்கள். ஒரு நாள் கோடு போட்டிருக்கிறார் என்று எல்லாரும் பார்க்கப் போனோம். கோடு நேராகக் கிணற்றின் நடுவே போயிருந்தது. கொத்தனார் கங்கையா, அய்யா கோடு தப்பிப்போச்சு என்று சிரித்தார். தப்பலே, பாதி உள்ள, பாதி தெருவுல என்றார் நைனா. சுவர் கிணற்றின் மேல் ஒரு வளைவாகத் தாண்டிப் போகும், வளைவின் கால்களைக் கிணற்றைவிட்டுத் தள்ளி ஊன்றிவிடுவேன், இரண்டு பக்கமும் ராட்டினம் போடுவேன், யாரும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். கமிட்டியில் அன்று நடந்த சண்டையை எழுத இந்தக் காகிதம் போதாது. எல்லாரும் கத்தி முடித்த பிறகு அவர் எழுந்து, நம்ம தாத்தனுங்க எந்தக் கெணத்தாண்ட நின்னுக்கினு யாரு ஊத்துவாங்கன்னு பாத்தாங்க, சொல்லட்டுமா என்று கேட்டார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. நம் ஜனங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும், ஞாபகம்தான் இருப்பதில்லை. கிணறு அவர் போட்ட கோட்டின்படியே ஆயிற்று.

இந்த வருஷம் ஏப்ரலில் எல்லையைப் பிரித்தார்கள், திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாம் ஆந்திராப் பக்கமே என்று முடிவாகிவிட்டது. அதிலிருந்து நம் சபையில் ஒரு பயம். சில குடும்பங்கள் அரக்கோணத்துக்கும் வேலூருக்கும் மூட்டை கட்டிவிட்டார்கள். நைனாவையும் கேட்டார்கள், நான் கட்டனதெல்லாம் இங்க கெடக்குது, அத எடுத்துக்கினு போவ முடிஞ்சா சொல்லு, வரேன் என்றார். அவர் போன பிறகு ஆவணியில் சபைக் காரியதரிசி சாலொமோன் வந்தார். தாலூகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றாரே, அவர்தான். மகள் திருத்தணியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், எல்லை தன் வீட்டு நடுவிலேயே விழுந்த மாதிரி மனிதர் இளைத்துப்போயிருக்கிறார். நேசன் கல் அனுப்புகிறானாம், அதைத் திருப்பதி ரோட்டில் போகிற வருகிற எல்லாரும் பார்க்கும்படி காம்பவுண்டுச் சுவரில் தெருவைப் பார்த்துப் பதித்து, முன்னால் ஒரு மேடையும் கட்டப்போகிறோம், ஐயருக்கும் சந்தோஷம் என்றார். ஐயர் என்பது நம் போதகர் ஐயாதான், புதிதாக வந்தவர், சாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

கல் வந்த பிறகு இடத்தைப் பார்க்கலாமென்று விடியற்காலையில் போனேன். கங்கையா கோடு போட்டு வைத்திருந்தார். மேடைக்கான சுண்ணாம்புக் கோடு தெருப் பக்கத்துப் பாதிக் கிணற்றைச் சுற்றிப் போயிருந்தது. கிணற்றின் அந்தப் பாதியைக் கல் போட்டு மூடி, வளைவைச் செங்கலால் அடைத்து, அடைத்த இடத்தில் நைனாவின் பெயர். எனக்கு முதலில் விளங்கவில்லை. பழைய வழக்கத்தில் கோட்டுக்குள் போய் நின்றேன். அப்போது எதிர்த் தெரு வெங்கடம்மா குடத்தோடு வந்தாள். கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏம்மா, அப்ப நேனு எக்கட நிக்கறது, கொடத்த எங்க வெக்கறது என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை, நைனா வழக்கமாகக் கேட்கச் சொல்லுகிற கேள்வியைத்தான் கேட்டாள். அவரை மதிக்கிறோம் என்று சொல்லி அவர் கட்டினதை அவர் பெயராலேயே மூடப் பார்த்தார்களே நேசா, அதற்கு நானும் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரக் கமிட்டிக்கு மேரியையும் அழைத்துக்கொண்டு போனேன். கல் எங்களுடையது, அங்கே வைக்கக் கொடுக்கமாட்டேன் என்றேன். சாலொமோன், கல்ல வேற எடத்துல வெச்சுக்கலாம்மா, ஆனா கெணத்த மூடத்தான் போறோம், இனிமே தமிழ் ஜனங்க நாம இங்க கொஞ்சம் பேரு, நம்ம சொத்த நாமதான் காபந்து பண்ணணும், நாளைக்கு இது எங்க கெணறுன்னு தெருவே வந்து நின்னா இன்னா பண்ணுவீங்க என்று கேட்டார். அவர் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்கும் நைனாதான் கோடு போட்டார், அவர் மனைவியை அடுப்படியில் குந்தவைத்தவள் நான்தான். அதை ஞாபகப்படுத்தி, ஒன்றுதான் கேட்கிறேன், மூடுவதற்கு முன்னால் கமிட்டியார் எல்லாரும் வருகிற சனிக்கிழமை காலையில் வந்து அந்தக் கோட்டுக்குள் நின்று பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம் என்றேன். போதகர் ஐயா, அது நியாயம்தானே என்று மெதுவாகச் சொன்னார். வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நீ ஏம்மா மூட்டு வலியோட இதெல்லாம் பண்ற என்று மேரி என்னைக் கடிந்துகொண்டே வந்தாள், ஆனால் சனிக்கிழமை காலையில் திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவளும் அவள்தான்.

அது புரட்டாசிச் சனிக்கிழமை என்பது எனக்குத் தெரியும், அவர்கள்தான் யோசிக்கவில்லை. விடிந்ததும் எதிர்த் தெருப் பெண்கள் வந்து, தெரு முழுதும் குடமாயிற்று. பிறகு குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து மலைக்கு நடந்து போகிறவர்கள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தார்கள். நடந்து நடந்து காலெல்லாம் வெடித்திருந்தது. வெங்கடம்மா தன் குடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களுக்கு மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள், நம் கமிட்டியார் கோட்டுக்குள் நின்றதால் வழி மறித்தது, நவுருங்கய்யா நவுருங்க என்று அவர்களையே தள்ளினாள். ஒரு பெரியவர் கை நிறையத் தண்ணீர் ஏந்திக் குடித்துவிட்டு வளைவை அண்ணாந்து பார்த்தார். அம்மா, இந்தக் கெணறு யாரு கட்டனது, அவங்க பேரு இன்னா, மலையில சொல்லி வேண்டிக்கறேன் என்று என்னைக் கேட்டார். நான் என் வாயால் உன் நைனா பெயரைச் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும், கலியாணத்தன்று கோயிலில் உறுதிமொழி சொல்லும்போது ஐயர் சொல்லச் சொன்ன ஒரே தரம்தான். சாலொமோன் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் பெரியவரைப் பார்த்து, ஆர்தர் ஞானமுத்து, எங்க இஞ்சினீரய்யா, எங்க சபைக்காரர் என்றார். அந்தப் பெரியவர் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார், ஆர்தர் என்பது அவருக்கு ஆதார் என்று வந்தது, போகட்டும், ஆண்டவருக்கு ஆளைத் தெரியும். சாலொமோன் தன் செருப்புக் காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்துவிட்டார். மூடுகிற பேச்சு அத்தோடு நின்றது, அந்த மனிதருக்காகவும் நான் ஜெபிக்கிறேன்.

கல்லைக் கோயிலுக்குள் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று போதகர் ஐயா அன்போடு சொன்னார். நான் வேண்டாம் என்றேன். தான் கட்டின எதிலும் நைனா பெயரைப் போட விட்டதில்லை, துரை கட்டாயப்படுத்தியும் விடவில்லை. பெயர்தான் உன் வீட்டுத் தொட்டிலில் இருக்கிறதே, நாளெல்லாம் நீங்கள் கூப்பிடப்போகிறீர்கள். அதற்காக நீ ஆசையாக அனுப்பின கல்லைக் கட்டிலுக்கடியில் போட எனக்கு மனம் வரவில்லை. தெருப் பக்கத்தில் பெண்கள் குடம் வைக்கிற கல் பிளந்து மேடும் பள்ளமுமாய்க் கிடந்தது, மண்குடமெல்லாம் இடறி உடைகிறது என்று வெங்கடம்மா பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கங்கையாவைக் கூப்பிட்டு இதை அங்கே போடச் சொன்னேன். அவர் சுண்ணாம்பைக் குழைத்துப் பரப்பிவிட்டு, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து எந்தப் பக்கம்மா என்று கேட்டார். கீழே என்றேன். பெயரைப் போய் மண்ணைப் பார்க்க வைக்கிறீங்களே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். வழவழவென்று இருக்கிற பக்கம் குடத்துக்கு வேண்டும். எழுத்து இருக்கிற பக்கம் ஈரச் சுண்ணாம்பில் அப்படியே பதிந்து இறுகிவிடும். வாழ்நாளெல்லாம் அவர் கையில் இருந்தது சுண்ணாம்புதானே, அவர் பெயர் இருக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

சுகந்திக்கு என் அன்பு. குழந்தைக்கு வாரம் ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல், அங்கே மழை அதிகம் என்று பயந்து விட்டுவிடவேண்டாம். உன் வயிறு சரியில்லை என்று அவள்தான் எழுதினாள், நீ எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, டப்பா மீனைத் துன்னுக்கினு பொழுதைப் போக்காதே. சாயங்கால ஜெபத்தை எவ்வளவு வேலையிருந்தாலும் விடாதே, நைனா நிறுத்தின இடத்திலிருந்து நீ ஆரம்பித்துக்கொள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, அந்தக் குழந்தையைத் தாத்தாவைப்போல் மற்றவர்களுக்கு இடம் பார்க்கிறவனாக வளர்ப்பாராக. லீவு கிடைத்து வரும்போது, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கல்லறைக்கு ஓடாதே, அங்கே அவர் இல்லை. கிணற்றுக்கு வா, தெருப் பக்கமாக வா. நீ அனுப்பின கல்லின் மேல் யாராவது குடத்தை வைத்திருப்பார்கள். அவர்கள் நிரப்பிக்கொண்டு போகும்வரை நின்று, பிறகு உன் மகனுக்கு ஒரு கை தண்ணீர் மொண்டு கொடு.

உன்னைப் பெற்றதற்கும் அவரோடு வாழ்ந்ததற்கும் நாள்தோறும் நன்றி சொல்லுகிற
அம்மா
கிருபாபாய்